வெளியாள் எண்ணுன பன்னிங்க

டிசம்பர் முப்பத்தொண்ணாந் தேதி எந்தக் கணக்கு ஆபீஸும் இன்டர்வியூ வைக்காது. இது எனக்கு இப்ப தெரியும். அப்ப தெரிஞ்சிருந்தா, எனக்கு வந்த இன்டர்வியூ லெட்டர்ல அந்தத் தேதியப் பார்த்ததுமே எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு போன் பண்ணிக் கேட்டிருப்பேன். நான் போன் பண்ணல. என் ரூமுக்குக் கீழ சாப்பாட்டுக் கடை வச்சிருந்த காஜா மொய்தீன் அண்ணன்கிட்டப் போயி ஒரு டை இரவல் கேட்டேன். அவரு கல்யாணத்தப்ப கட்டுன டை. செவப்பு. அகலம் ரொம்ப. கட்டிப் பார்த்தா நெஞ்சுல தோசை ஒட்டுன மாதிரி இருந்துச்சு.

"ஜோரா இருக்கு தம்பி. நான் இதக் கட்டித்தான் பொண்ணு கெடச்சுது. உனக்கு வேலையாச்சும் கெடைக்கட்டும்"னாரு.

நான் தெக்க, ஒரு ராத்திரி பஸ் தூரத்துல இருக்குற குளுவாங் ஊர்க்காரன். பினாங்குல எனக்கு சொந்தம்னு யாரும் கெடையாது. ஒரு காலேஜ்ல சாயங்காலம் கணக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அங்க ஒரு கண்டிஷன். படிக்கற பையன் ஏதாவது ஒரு ஆடிட் கம்பெனில ட்ரெய்னியா சேரணும். மார்ச் முடியறதுக்குள்ள கம்பெனி லெட்டர் கொண்டு வரணும். வரலன்னா பேரை எடுத்துருவாங்க. ஊர்ல இருக்குற எல்லா கம்பெனிக்கும் எழுதிப் போட்டேன். பதில் வந்தது ஒரே ஒரு எடத்துலேர்ந்து. அதுவும் இருக்குறதுலயே பெருசு, பீச் ஸ்ட்ரீட்ல ஹார்கிரேவ் லம்லி அண்ட் கோ.

காலேஜ் வாத்தியாரு சொல்லி அனுப்புனாரு. "பெரிய கம்பெனில நேரா கேள்வி கேக்க மாட்டாங்க. நீ எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுக்க கண்டதையும் கேப்பாங்க. எதுக்கும் ஆச்சரியப்படாத."

நான் அதையே மனசுல வச்சுக்கிட்டு மூணாவது மாடி ஏறுனேன்.

பெரிய ஆபீஸு. மேசை மேசையா இருக்கு. ஒரு மேசைலயும் ஆள் இல்ல. வாசல்ல போன் போர்டுக்குப் பின்னாடி முக்காடு போட்ட ஒரு அக்கா மட்டும் உக்காந்து பலகாரம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்கதான் ஹமீதா அக்கா.

"யாரு வேணும் தம்பி?"

"இன்டர்வியூக்கு வந்தேன்கா. மிஸ்டர் விநாசித்தம்பியப் பார்க்கணும்."

"இன்னிக்கா? இன்னிக்கு யாருலா இன்டர்வியூ வைப்பா? வருஷக் கடைசி நாளு. எல்லாக் கம்பெனிலயும் சரக்கு எண்ணுவாங்க. நம்ம ஆளுங்க போயி பக்கத்துல நின்னு பார்க்கணும். பாஸே மாக் மண்டின்ல இரும்பு எண்ணப் போயிட்டாரு."

நான் லெட்டரக் காட்டுனேன். அவங்க வாங்கிப் பார்த்துட்டு, "ஆமா, இன்னிக்குத்தான் போட்டிருக்கு. உக்காரு"ன்னாங்க. ஆளே இல்லாத ஆபீஸ்ல யாருக்காக உக்காரணும்னு கேக்கத் தோணுச்சு. கேக்கல. எதுக்கும் ஆச்சரியப்படாதன்னு சொல்லியிருக்காங்களே.

கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு படபடன்னு படியேறி வந்துச்சு. கையில மோட்டார் காடிச் சாவி, கக்கத்துல எழுதற அட்டை. காலுல தோட்டத்து ஆளுங்க போடற மாதிரி ரப்பர் பூட்ஸ்.

"ஹமீதா, லிம் எங்க? என்கூட எண்ண வரணுமே."

"அவனுக்கு அம்மை போட்டிருக்காம் குணவதி. இப்பத்தான் அவங்கம்மா போன் பண்ணாங்க."

"அலமாக்! நான் தனியாவா போறது? ரெண்டு பேரு இல்லாம எண்ணக் கூடாதே. நீ வாயேன்."

"பன்னிப் பண்ணைக்கா? எங்க வாப்பாகிட்ட வந்து நீ கேளு. அவரு சரின்னா நான் வர்றேன்."

அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க. டையப் பார்த்தாங்க. மறுபடி என்னைப் பார்த்தாங்க.

"உன் பேரு என்ன?"

"அர்ஜுனன், மிஸ்."

"எண்ணத் தெரியுமா?"

ஆரம்பிச்சுட்டாங்கன்னு புரிஞ்சுது. எந்திரிச்சு நின்னுட்டேன். "தெரியும் மிஸ்."

"பன்னின்னா பயமா?"

"இல்ல மிஸ்."

"சாமி வந்துரும், தீட்டு ஆயிரும், அந்தப் பேச்செல்லாம் இருக்கா?"

"சாப்பிடத்தான் மாட்டேன் மிஸ். எண்ணக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

"வா"ன்னாங்க.

அன்னிக்கு முழுக்க நான் இன்டர்வியூலதான் இருக்கேன்னு நெனச்சேன். தீவுலேர்ந்து அக்கரைக்குப் போற ஃபெரில அவங்க காடிக்குள்ள உக்காந்திருந்தப்ப, "பசியாறுனியா?"ன்னு கேட்டாங்க. இதுவும் ஏதோ சோதனைதான்னு, "ஆச்சு மிஸ்"னேன். உண்மையில காலைலேர்ந்து வெறும் வயிறு. அவங்க ரெண்டு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வச்சிருந்தாங்க. எனக்குன்னு எடுத்ததத் திருப்பி வச்சுட்டு, ரெண்டையும் அவங்களே சாப்பிட்டாங்க. நான் கடலப் பார்த்துக்கிட்டு வந்தேன்.

பண்ணை சுங்கை பாக்காப்புக்கு உள்ள, தென்னந்தோப்புக்குப் பின்னாடி. ஒரு பெரிய தீவனக் கம்பெனிக்குச் சொந்தமானது, அதனாலதான் இவ்வளவு பெரிய ஆடிட். அதப் பார்த்துக்கிட்டது கோர்ங்கற சீனரு, எல்லாரும் அவரைத் தவுக்கே, அதாவது மொதலாளின்னு கூப்பிடுவாங்க. சிங்லெட்டு பனியன், அரைக்கால் சிலுவாரு, வாயில சிகரெட்டு. என் டையப் பார்த்து மலாய்ல கேட்டாரு, "இவரு யாரு, லண்டன்லேர்ந்தா?"

குணவதி மிஸ் எனக்குச் சட்டம் சொல்லிக் குடுத்தாங்க. "நாம எண்ணக் கூடாது. அவங்க எண்ணறத நாம பார்க்கணும். அப்புறம் நாம கொஞ்சம் எண்ணி, அவங்க எண்ணுனது சரியான்னு பார்க்கணும்."

"அப்ப நாமளும் எண்ணறோம்?"

"எண்ணறோம். ஆனா எண்ணல."

ரொம்ப ஆழமான கேள்வியா இருக்கும்போலன்னு தலைய ஆட்டுனேன்.

பன்னிங்க ஒரு எடத்துல நிக்காது. அதனால எண்ணுன பன்னி முதுகுல நீலச் சாயத்துல ஒரு கோடு போடணும்னு ஏற்பாடு. பண்ணை ஆளு கோடு போட்டுக்கிட்டே போனான். பாதி கொட்டகை முடிஞ்சிருக்கும், மழை பிடிச்சுக்கிச்சு. தகரத்துல அங்கங்க ஓட்டை. சாயம் கரைஞ்சுது. பன்னிங்களுக்குக் குளிரு, ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டு நின்னுச்சுங்க. மழை விட்டதும் பார்த்தா, எண்ணுனது எண்ணாதது எல்லாம் ஒரே நீலம். என் டையும் நீலம்.

தவுக்கே சந்தோஷமா சிகரெட்ட பத்த வச்சாரு. "நீலமா இருந்தா எண்ணியாச்சுன்னுதான சொன்னீங்க? எல்லாம் நீலம். எல்லாம் எண்ணியாச்சு. வாங்க, கோப்பி குடிக்கலாம்."

"தவுக்கே, மொதல்லேர்ந்து!"ன்னாங்க மிஸ்.

மறுபடி ஒரு கதவத் திறந்து விட்டு, ஒண்ணொண்ணா அந்தப் பக்கம் தள்ளி எண்ணுனோம். ஒரு பெரிய பன்னி என் காலுக்கு நடுவுல பூந்து என்னைக் கொஞ்ச தூரம் சவாரி கூட்டிட்டுப் போச்சு. நான் எண்ணிக்கைய விடல. விழுந்து எந்திரிச்சு அடுத்த நம்பரச் சொன்னேன். மிஸ் சிரிக்காம எழுதிக்கிட்டாங்க. பாஸ் பண்ணிருவேன்னு நம்பிக்கை வந்துச்சு.

சாயங்காலம் தலைவலி புடிச்ச பெரிய சூசா ஒண்ணு வந்துச்சு. ஒரு பன்னி குட்டி போட ஆரம்பிச்சிருச்சு. கணக்குல எல்லாத்துக்கும் ஒரு முடிவு நேரம் உண்டு. இங்க அஞ்சு மணி. அஞ்சுக்கு முன்னாடி பொறந்தா இந்த வருஷத்துச் சரக்கு. பின்னாடி பொறந்தா அடுத்த வருஷம். என்னை ஒரு முக்காலி போட்டு பன்னிக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க. தவுக்கே ஒரு அலாரம் கடிகாரத்த கொண்டு வந்து என் மடியில வச்சாரு.

அலாரம் அடிக்கறப்ப ஒரு குட்டி பாதி வெளிய, பாதி உள்ள.

தவுக்கே, "இந்த வருஷம்!"னாரு. மிஸ், "அடுத்த வருஷம்!"னாங்க. ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. பன்னியும் பார்த்துச்சு.

"தலை வெளிய வந்துருச்சு மிஸ். தலை வந்தா வந்த மாதிரிதான். எங்க ஊர்ல பஸ் கூட்டமா இருந்தா தலை உள்ள நொழைஞ்சாலே கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுருவாரு."

மிஸ் அட்டைய என் கையில குடுத்தாங்க. "எழுது. யாரு பார்த்தா, எத்தன மணி, என்ன காரணம். எழுதாதது நடக்காதது."

பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லாத்தையும் எழுதி கீழ கையெழுத்துப் போட்டேன்.

ஃபெரி எறங்குனதும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மிஸ், ரிசல்ட் எப்படி?"

"ரிசல்ட்டா? ஒழுங்காத்தான் வந்திருக்கு. திங்கக்கெழமை காலைல வா, எல்லாத்தையும் ஃபேர் காப்பி எடுக்கணும்."

அன்னிக்கே ஊருக்கு எழுதிப் போட்டேன், பெரிய கம்பெனில வேலை கெடச்சிருச்சுன்னு. அப்பா பதில் போட்டாரு. கோயில்ல அர்ச்சனை பண்ணி, எங்க தோட்டத்து லயத்துல வரிசை வீட்டுக்காரங்க எல்லாருக்கும் கேசரி குடுத்தாராம். பெரியப்பாவோட லாரிக் கம்பெனில எனக்குன்னு புடிச்சு வச்சிருந்த வேலைய வேற பையனுக்குக் குடுக்கச் சொல்லிட்டாராம். 'நீ இனிமே இங்க வர வேணாம், அங்கேயே முன்னுக்கு வா'ன்னு முடிச்சிருந்தாரு.

திங்கக்கெழமை போனேன். மிஸ் ஒரு மேசையக் காட்டுனாங்க, டாய்லெட்டுக்குப் பக்கத்துல. ஒரு கணக்குப் போடற மெஷின் குடுத்தாங்க. நான் கூட்டுனேன், கழிச்சேன், பச்சைப் பென்சில்ல டிக் போட்டேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கெல்லாம் பஸ்ல போயி சரக்குக் கணக்குப் பார்த்தேன். மிஸ்ஸ, 'அக்கா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சேன். அவங்க என்னை, 'டேய் குளுவாங்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க.

பாஸ் விநாசித்தம்பி யாழ்ப்பாணக்காரரு. வெள்ளச் சட்டை, வெள்ளக் காற்சட்டை, தலையும் வெள்ளை. நடந்தா சத்தம் வராது. ஒரு நாள் என் மேசைக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. கையில பன்னிப் பண்ணை ஃபைலு.

"இந்தக் குட்டிக் கதைய ஆர் எழுதினது?"

"நான்தான் சார்."

"பஸ் கண்டக்டர் தேவையில்லை. மற்றது நல்லாயிருக்கு. இப்பிடி யோசிக்கிற ஆக்கள்தான் வேணும்." போயிட்டாரு. எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்கல, சந்தோஷத்துல.

சீனங்களோட புது வருஷப் பெருநாளும் வந்துட்டுப் போச்சு. தவுக்கே பெரிய டின்ல நெருப்புல வாட்டுன பன்னி எறச்சி அனுப்புனாரு. அம்மை எறங்கி வந்த லிம் ஒருத்தனே முக்காவாசியத் தின்னு தீர்த்தான். எனக்கு மட்டும் சம்பளக் கவரு வரல. ட்ரெய்னிக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் வரும்போலன்னு இருந்துட்டேன். காலேஜுக்குக் குடுக்க லெட்டர் வேணுமேன்னு ஒரு நாள் ஹமீதா அக்காகிட்ட போனேன்.

"உன் பேரு எங்கிட்ட இல்லயே தம்பி"ன்னாங்க.

"நல்லாப் பாருங்கக்கா. அர்ஜுனன்."

அவங்க அலமாரியக் கொடஞ்சு ஒரு அட்டைய எடுத்தாங்க. "இருக்கு இருக்கு. முப்பத்தொண்ணு டிசம்பர். இன்டர்வியூவுக்கு வரல."

"அக்கா! நான் வந்தேன். நீங்கதான உக்காரச் சொன்னீங்க!"

"வந்த. ஆனா இன்டர்வியூ ரூமுக்குள்ள போகல இல்ல? அதத்தான் எழுதுனேன்."

"ரூமுக்குள்ள யாருமே இல்லயேக்கா! பாஸ் இரும்பு எண்ணப் போயிட்டாரு!"

"அத உன் ஃபைல்ல எழுத முடியாது தம்பி. அது பாஸோட ஃபைல்ல எழுதற விஷயம். பாஸுக்கு ஃபைல் கெடையாது."

குணவதி அக்காகிட்ட ஓடுனேன். அவங்க கணக்குப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"அக்கா, என்னை வேலைக்கு எடுத்தது யாரு?"

"பாஸு."

"பாஸ் எடுக்கல."

"அப்ப யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல."

அக்கா பென்சில கீழ வச்சாங்க. மொதல்ல சிரிப்பு வந்துச்சு அவங்களுக்கு. "எத்தன கம்பெனிக்குப் போயி சம்பளப் புத்தகத்துல இருக்குற பேருக்கெல்லாம் ஆளு இருக்கான்னு தேடியிருப்போம். ஆளு இருந்து பேரு இல்லாத கேஸை இப்பத்தான்டா பார்க்கறேன்." அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. "குளுவாங், அப்ப அன்னிக்கு நீ வெளியாளு. நான் வெளியாளக் கூட்டிட்டுப் போயி சரக்கு எண்ணியிருக்கேன். தெரிஞ்சா நீயும் வெளிய, நானும் வெளிய."

"எங்கப்பா கேசரி குடுத்துட்டாருக்கா."

"கேசரிய திருப்பி வாங்க முடியாது. ஒண்ணு பண்ணு. நீ வரலன்னுதான் அந்த எடம் இன்னும் காலியா இருக்கு. அதுக்கு மறுபடி இன்டர்வியூ வைக்கறாங்க. நீ புதுசா வர்ற மாதிரி வா. ஒழுங்கா எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"வேலைய?"

"வேலைய நிறுத்தாதடா, பாயான் லெப்பாஸ் ஃபைல் பாதியில கெடக்கு."

ஹமீதா அக்கா இன்டர்வியூ லெட்டர்களை டைப் அடிச்சு, போஸ்ட் பண்றதுக்கு என்கிட்டயே குடுத்தாங்க. மூணு கவரு. குணவதி அக்கா சொல்லி என் பேரையும் சேர்த்திருந்ததால அதுல ஒண்ணு எனக்கு.

"இது எனக்குத்தானக்கா? நான் இப்பவே வச்சுக்கறேன்."

"கையில குடுக்கக் கூடாது. தபால்ல அனுப்புனதுக்கு ஆதாரம் வேணும்."

நான் அத எடுத்துட்டுப் போயி, ஸ்டாம்ப ஒட்டி, எனக்கே போட்டேன். போட்டுட்டு ரூமுக்குப் போயி தபால்காரருக்காகக் காத்திருந்தேன். மறுநாள் வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. தொலைஞ்சு போச்சோன்னு ராத்திரி தூக்கம் இல்ல. காஜா மொய்தீன் அண்ணன், "யார்கிட்டேர்ந்து தம்பி லெட்டரு?"ன்னு கேட்டாரு. "நான் போட்டதுண்ணே"ன்னேன். அவரு அதுக்கப்புறம் என்கிட்ட கொஞ்ச நாளு மெதுவாத்தான் பேசுனாரு, எனக்கு டீயில சீனியும் கூடப் போட்டாரு. லெட்டர் கடைசில வந்துச்சு. நான் ஒட்டுன ஸ்டாம்பு கோணையா இருந்துச்சு.

இன்டர்வியூ அன்னிக்குக் காலைல எனக்கு ஃபேக்டரில வேலை போட்டிருந்தாங்க. லீவு கேக்கலாம்னு ஹமீதா அக்காகிட்ட போனேன்.

"லீவு ஸ்டாஃபுக்குத்தான் தம்பி."

"நான்தான் ஸ்டாஃப் இல்லயேக்கா."

"அப்ப உனக்கு எதுக்கு லீவு?"

"வேலைக்குப் போகாம இருக்க."

"ஸ்டாஃப் இல்லாத ஆளு வேலைக்குப் போகாம இருக்குறதுக்கா லீவு கேப்பாங்க? ஊர்ல பாதிப் பேரு என்கிட்ட வந்து நிப்பான்."

அதுல தப்பு சொல்ல முடியல. குணவதி அக்காதான் லிம்மை ஃபேக்டரிக்கு அனுப்பிட்டு எனக்கு வழி விட்டாங்க.

இன்டர்வியூக்கு என்னோட வந்தவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் டவுன்ல பேரு போன ஸ்கூல்ல படிச்ச பையனுங்க. காலுல பளபளன்னு நல்ல சப்பாத்து. ஒருத்தன் உள்ள போயி பாஸோட சிரிக்கற சத்தம் வெளிய கேட்டுச்சு. அவன் வெளிய வந்து எனக்குக் கை குடுத்து, 'குட் லக்'னான். அவனுக்குத்தான் வேலைன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஹமீதா அக்கா, "அர்ஜுனன்!"னு கூப்பிட்டாங்க, என்னை முன்ன பின்ன பார்த்தே இல்லாத மாதிரி.

உள்ள போனேன். பாஸ் தலையத் தூக்குனாரு.

"இப்ப ஏலாது தம்பி. இன்டர்வியூ நடக்குது. பிறகு வாரும்."

நான் பழக்கத்துல, "சரி சார்"னு வெளிய வந்துட்டேன். ஹமீதா அக்கா மறுபடியும், "அர்ஜுனன்!"னாங்க. மறுபடி உள்ள போனேன்.

"இப்பதானே சொன்னனான்?"

"சார், அடுத்த ஆளு நான்தான்."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டுனாரு. நீலமும் செவப்புமா இருந்த என் டையப் பார்த்தாரு. கையில இருந்த பேப்பரப் பார்த்தாரு.

"நீர் இங்க வேலை செய்யிற பொடியன் எல்லோ?"

"வேலை செய்யறேன் சார். ஆனா சேரல."

குணவதி அக்கா வாயத் திறக்காதன்னு சொன்னாங்கதான். கேட்டா என்ன செய்யறதுன்னு சொல்லல. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். முப்பத்தொண்ணாந் தேதி, அம்மை போட்ட லிம், பன்னி, எல்லாம். அவரு மூஞ்சி சட்டையோட சேர்ந்து வெள்ளையாயிருச்சு.

"அப்ப பண்ணை ஃபைலில இருக்கிற வேலை?"

"நான் செஞ்சது சார்."

"வெளியாள் செய்தது." எந்திரிச்சுக் கதவத் திறந்தாரு. கதவுல காத வச்சுக்கிட்டு இருந்த குணவதி அக்கா ஒரு எட்டு உள்ள வந்து விழுந்தாங்க. பின்னாடியே ஹமீதா அக்கா.

"குணவதி! நாளைக்கு அந்தக் கணக்கில நான் கையெழுத்துப் போட வேணும். இனி என்ன செய்யிறது?"

"திரும்ப எண்ணிரலாம் சார்."

"எதை எண்ணுறது? சீனப் பெருநாள் முடிஞ்சுது. டிசம்பரில நிண்ட பன்றியள் இப்ப எங்க?"

லிம் காலி பண்ணுன டின்னு கதவுக்கு வெளிய குணவதி அக்கா மேசைல ரப்பர் பேண்டு போட்டு வைக்க ஆகியிருந்துச்சு. எல்லாரும் அதப் பார்த்தோம்.

"சார், டிசம்பர் தேதி போட்டு இவனை வேலைக்கு எடுத்துட்டா?" இது ஹமீதா அக்கா.

"பழைய தேதி போட்டதுக்குத்தானே போன மாசம் அந்தக் கயிறுக் கம்பெனிக்குக் கடுமையா ஒரு கடிதம் எழுதினனான்?"

"ஆமா சார். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

"ஓம், நல்லாத்தான் எழுதினனான்." அவரு அதுல கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுட்டு மறுபடி கவலைப்பட ஆரம்பிச்சாரு. திடீர்னு மூஞ்சில வெளிச்சம். "நிபுணர்! வெளியாள் எண்டாலும் நிபுணர் எண்டால் அவரின்ரை வேலைய நாங்கள் எடுக்கலாம். சட்டத்தில இடம் இருக்கு. தம்பி, உம்மைப் பன்றி நிபுணர் எண்டு போடுவம்."

"போட்டா எனக்கு வேலை கெடைக்குமா சார்?"

"அதெப்பிடி? நிபுணர் எண்டால் வெளியிலதான் இருக்க வேணும். அதோட, நிபுணருக்கு நான் என்னெண்டு ட்ரெய்னிங் குடுக்கிறது? உமக்கு நல்ல ஒரு கடிதம் தரலாம். பன்றியளைப் பற்றி உமக்கு என்ன தெரியும், சொல்லும்."

பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு காத்திருந்தாரு. குணவதி அக்கா என் மூஞ்சியவே பார்த்தாங்க. ஏதாச்சும் ரெண்டு வார்த்தை சொன்னா அவங்க தப்பிச்சுருவாங்க. பாஸும் தப்பிச்சுருவாரு. நான் நிபுணரா ஆகி, மார்ச் கடைசில காலேஜ்லேர்ந்து பேரு போயி, பஸ் ஏறி, லாரிக் கம்பெனில என் எடத்துல வேற பையன் உக்காந்திருக்குறதப் போயி பார்க்கணும்.

"ஒண்ணும் தெரியாது சார். அன்னிக்குத்தான் மொத மொதல்ல பார்த்தேன்."

"அதுக்கு முன்னம்?"

"படத்துல."

"கறியாக?"

"எங்க வீட்டுல சாப்பிட மாட்டோம் சார்."

"கறியா எண்டாலும் தெரிஞ்சிருந்தா ஏதும் எழுதலாம்." பேனாவ மூடிட்டாரு.

"சார், நான் வெளியாள்னு எனக்கே தெரியாது சார். தெரிஞ்சிருந்தா வீட்டுக்கு எழுதியிருக்க மாட்டேன். எங்கப்பா லயம் பூராவும் கேசரி குடுத்துட்டாரு."

"கேசரிக்கு ஃபைலில இடம் இல்லைத் தம்பி"ன்னாரு. ஆனா மெதுவாத்தான் சொன்னாரு. ஜன்னல் பக்கமாப் போயி நின்னு கீழ ரோட்டப் பார்த்தாரு. அப்புறம் திரும்பாமலே பேசுனாரு.

"வெளியாள் ஒராள் செய்த வேலைய, எங்கட ஸ்டாஃப் ஒராள் வரிக்கு வரி சரி பாத்தால், அது எங்கட வேலையாகும். பார்க்கிறவர் அந்த எண்ணலில நிண்டிருக்கக் கூடாது."

"நான் பார்க்கறேன் சார்"னாங்க குணவதி அக்கா.

"நீர் அங்க நிண்டனீர். ஏலாது."

"லிம்?"

"தவுக்கேயின்ரை டின்னைத் திறந்தவன். வாங்கித் திண்டவன் கணக்குப் பார்க்கேலாது."

"டின்ன நாங்க எல்லாருமே தொட்டோம் சார்"னு ஹமீதா அக்கா சொல்லிட்டு, "நான் மட்டும் தொடல"ன்னு சேர்த்துக்கிட்டாங்க.

"அப்ப புது ஆள் வேணும். டிசம்பரில இந்தக் கம்பெனில இல்லாத ஆள். டின்னிலயும் கை வைக்காத ஆள். பன்றியையும் விளங்கிக்கொள்ளக் கூடிய ஆள்." இப்பத்தான் திரும்புனாரு. என்னைத்தான் பார்த்தாரு. "தம்பி, டிசம்பரில நீர் இந்தக் கம்பெனி ஸ்டாஃபோ?"

"இல்ல சார்."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல சார். ஹமீதா அக்கா ஃபைல்ல கூட இருக்கு."

"சார், எண்ணுனதே இவன்தான..."ன்னு ஆரம்பிச்சாங்க குணவதி அக்கா.

"எண்ணினது வெளியாள்"னாரு பாஸ். "இவர் இண்டைக்கு எங்கட ஸ்டாஃப். ரெண்டும் ரெண்டு பேர். இதில உமக்கு என்ன விளங்கேல்லை?"

குணவதி அக்கா ஃபைல எடுக்கப் போனாங்க.

ஹமீதா அக்கா அங்கேயே நின்னபடி லெட்டரு அடிச்சாங்க. அன்னிக்குத் தேதி. ட்ரெய்னி. நான் கையெழுத்துப் போட்டேன். காலேஜுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. தபால்ல அனுப்பணுமான்னு கேட்டேன். "விளையாடாத, கையில புடி"ன்னாங்க. எனக்குக் 'குட் லக்' சொல்லிட்டு வெளிய உக்காந்திருந்த நல்ல சப்பாத்துப் பையன்கிட்ட குணவதி அக்கா போயி, "தம்பி, நீ டின்ல பன்னி எறச்சி சாப்பிடுவியா?"ன்னு கேட்டிருக்காங்க. அவன், "ரொம்பப் பிடிக்கும்"னு சொன்னானாம். "அப்ப சரி"ன்னு அனுப்பிட்டாங்க. அது எதுக்குன்னு அவனுக்கு இன்னிவரைக்கும் தெரிஞ்சிருக்காது.

அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உக்காந்து அந்த வெளியாளோட வேலையப் பார்த்தேன். பாஸ் போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாரு. "கொஞ்சப் பிழையாவது பிடியும். பிழை இல்லாத ஃபைலை ஒருத்தரும் நம்பமாட்டினம்."

பிடிச்சேன். கையெழுத்து சரியில்ல. பேப்பர்ல நீலக் கறை. ஒரு எடத்துல ஒரு பன்னியக் கொறைச்சு எண்ணியிருந்தான் அந்த ஆளு, கீழ விழுந்து எந்திரிச்ச வேகத்துல பழைய நம்பரையே மறுபடி சொல்லியிருக்கான். உண்மையிலயே எனக்குக் கோவம் வந்துச்சு. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு வந்துட்டு இப்படியா கவனமில்லாம இருக்குறது? திருத்திட்டு, கீழ என் அபிப்பிராயத்த எழுதுனேன். வேலை மொத்தத்துல சரி, ஆனா இந்த ஆளுக்கு அனுபவம் பத்தாது, இனிமே இவரைக் கூப்பிட வேண்டாம்.

குணவதி அக்கா படிச்சுப் பார்த்தாங்க. "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குலா. பாவம்."

"இருக்கட்டும்கா. வேலைன்னா வேலைதான்."

மறுநாள் காலைல பாஸ் ஃபைல வாங்கிப் புரட்டுனாரு. நான் எழுதுனத ரெண்டு தடவ படிச்சாரு. பேனாவ எடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாரு.

"நல்லாப் பாத்திருக்கிறீர். அந்த ஆளைப் பாத்த உடனயே எனக்குப் பிடிக்கேல்லை."

"எனக்கும் சார்"னேன்.